ஊவா மலைவீதியில் இரவு விளக்கு

ஹப்புத்தளையிலிருந்து பண்டாரவளை வழியாகப் பதுளைக்கு இறங்கும் வீதியில் இரவு வேளையிற் பயணஞ் செய்த நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எதிரே வரும் வாகனம் கண்ணுக்குப் புலப்படுவதற்கு வெகு முன்பே அதன் வெளிச்சம் புலப்பட்டுவிடும். அப்பாலுள்ள சரிவின் தேயிலைச் செடிகளை ஒரு வெண்ணொளி தடவிச் செல்லும், பிறகு மறையும், முன்னிலும் அண்மையான ஒரு வளைவில் மீண்டும் தோன்றும். எத்தனை வளைவுக்கு அப்பால் வண்டி வருகிறதென்பதைப் பழகிய சாரதி இதைக் கொண்டே கணித்துக்கொள்வார். பகலில் ஹோர்ன் செய்யும் வேலையை இரவில் விளக்குச் செய்கிறது. அவ்வளவில் அது நல்ல துணை. ஆனால், கடைசி வளைவு திரும்பி இரண்டு வாகனங்களும் நேருக்கு நேர் ஆனதும் அதே விளக்குப் பகையாகிவிடுகிறது. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். நடுவில் இருக்கும் சில அடி வீதியைப் பார்க்க வேண்டிய கண்ணுக்குப் பார்வை இல்லை.

இந்த விளக்கு ஊவாவுக்கு எவ்வாறு வந்தது, அதை அடக்கிப் பிடிக்கும் வழக்கம் எவ்வாறு பிறந்தது என்பது ஒரு சிறு வரலாறு.

வீதி முதலில் வந்தது. விளக்குப் பின்னரே வந்தது. 1818ஆம் ஆண்டின் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு, மலைநாட்டைக் கையிற் பிடித்துவைக்க வீதிகளே வழி என்று ஆங்கில ஆட்சியாளர் உணர்ந்தனர். 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபின், வீதி வெட்டும் வேலைக்குக் கூலி கொடுத்து ஆட்சேர்க்க வேண்டியதாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் தேயிலைக் கொழுந்தைக் காண்பதற்கு முன்னே கல்லும் கடப்பாரையுமே கண்டனர். பதுளைப் பகுதியின் நிர்வாகியாகவும் வீதியமைப்பாளராகவும் இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு ஆலயம் இன்றும் பதுளை நகரில் உண்டு. கல்லுடைத்தவர்களின் பெயர் தாங்கிய கட்டடம் எதுவும் இல்லை. அவர்கள் வெட்டிய வீதியே இருக்கிறது.

அவ்வீதியில் முதலில் ஓடியவை கோப்பிக் காலத்து மாட்டு வண்டிகள். வண்டியின் அடியில், அச்சுக்கட்டையை ஒட்டி, ஒரு லாந்தர் தொங்கும். அதன் ஒளியில் வண்டிக்காரர் வழி பார்த்தார் என்று நினைத்தல் தவறு. வழி மாட்டுக்குத் தெரியும். வண்டிக்காரர் உறங்கிக்கொண்டும் வரலாம். லாந்தர் பிறருக்காகவே தொங்கியது. ‘இங்கே ஒரு வண்டி வருகிறது’ என்று எதிரே வருவோருக்கும் பின்னே வருவோருக்கும் அறிவிப்பதே அதன் தொழில். விளக்குக்குக் காண்பது, காணப்படுவது என்று இரண்டு பயன்கள் உண்டல்லவா? வண்டி லாந்தர் இரண்டாவதை மட்டுமே செய்தது. அதனால் எவர் கண்ணும் கூசியதில்லை.

1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. புகையிரதம் 1893இல் ஹப்புத்தளையையும் அடுத்த ஆண்டு பண்டாரவளையையும் எட்டியது; பதுளைக்கு வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்து 1924இல் பாதை நிறைவெய்திற்று. இதற்குள் மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்துவிட்டது. தோட்டத் துரைமாரின் வண்டிகள் முதலிலும், பஸ்ஸும் லொறியும் பின்னரும் மலையேறின.

மோட்டாருக்கு வண்டி லாந்தர் போதவில்லை. மாட்டைப் போல இயந்திரம் வழி அறியாது. ஆகவே காண்பதற்குரிய விளக்கு வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் வந்தது கார்பைட் விளக்கு. மேற்பாத்திரத்தில் தண்ணீர், கீழ்ப்பாத்திரத்தில் கல்சியம் கார்பைட் கட்டி. துளி துளியாகத் தண்ணீர் விழ, அசெட்டிலின் என்னும் வாயு எழும். அதைத் தீக்குச்சியாற் கொளுத்தவேண்டும். உள்ளிப்பூண்டு போன்ற ஒரு நாற்றம் வரும். ஓட்டம் முடிந்தபின் அடியிலே தங்கிய சுண்ணச் சேற்றை வழித்துக் கழுவவேண்டும். இத்தனை தொல்லையும் பொறுத்துக்கொள்ளும்படி அதன் சுவாலை வெண்மையாய், பின்னே உள்ள வளைந்த கண்ணாடியில் பட்டுத் தொலைவில் வீசியது. ஓட்டத்தின் நடுவே இவ்விளக்கை உடனே அடக்குவது எளிதன்று. கண்கூச்சம் பற்றிய முறையீடு மின்சார விளக்கோடு பிறந்ததென்று பலர் எண்ணுகின்றனர். மேனாடுகளில் கார்பைட் காலத்திலேயே அம்முறையீடு எழுந்துவிட்டது.

1912இல் அமெரிக்காவின் கடிலாக் வண்டி மின்சாரத்தால் இயங்கும் தொடக்கியோடும் மின்விளக்கோடும் வெளிவந்தபின் கார்பைட் மெல்ல மறைந்தது. அதன்பின் நடந்ததுதான் கருதத்தக்கது. வெளிச்சத்தைக் கூட்டப் பாடுபட்ட அதே தொழிலாளரும் பொறியியலாளரும் மூன்றே ஆண்டுகளில் அதைக் குறைக்கவும் வழி தேடலாயினர். 1915இல் அமெரிக்காவில் ஒரு கம்பனி விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் பொறியை விற்றது. அதை இயக்கச் சாரதி வண்டியை விட்டு இறங்கவேண்டும்! எதிரே வருபவருக்காக வண்டியை நிறுத்தி, இறங்கி, விளக்கைச் சாய்த்து, மீண்டும் ஏறிச் செல்லும் பண்பாளர் எத்தனை பேர் இருந்திருப்பர்? 1917இல் நெம்புகோல் வண்டிக்குள் வந்தது. 1920களின் நடுப்பகுதியில், ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகளை வைத்து, ஒன்று தூரத்துக்கும் மற்றொன்று தாழ்ந்த ஒளிக்கும் என்று அமைத்த ஜேர்மன் குமிழ் வந்து சிக்கலைத் தீர்த்தது. இன்று ‘டிம்’, ‘பிரைட்’ என்று சாரதிகள் சொல்வதன் தோற்றம் இதுவே.

1930களில் இலங்கையில் ஓடிய வண்டிகளுட் பெரும்பாலானவை பிரித்தானியாவிலிருந்து வந்தவை. அந்நாட்டு வழக்கம் விசித்திரமானது. ‘டிம்’ செய்தால் வலப்புற விளக்கு முற்றாக அணைந்துவிடும்; இடப்புற விளக்கு மட்டும் கீழ்நோக்கிச் சாயும். எதிரே வருபவரின் கண்ணுக்கு இது நல்லதே. ஆனால் ஒற்றை விளக்கோடு வருவது மோட்டார் சைக்கிளா, அகன்ற லொறியா என்று அவர் எப்படி அறிவது? இரண்டு வண்டிகள் உரசிக்கொள்ளாமல் விலகுவதே அரிதான மலைவீதியில் இது சிறு கேள்வி அன்று. அந்த முறை நிலைக்கவில்லை.

டிம் செய்யும் பொத்தான் நெடுங்காலம் காலடியில் இருந்தது. கிளச் மிதியின் இடப்பக்கத்தில், தரையிலே ஓர் இரும்புக் குமிழ். இடக்காலால் அழுத்த வேண்டும். சமதரையில் ஓட்டுபவருக்கு இது எளிய காரியம். ஏற்றத்திலே, வளைவிலே, எதிரே வெளிச்சம் தெரிந்ததும் கியரைக் குறைக்கவேண்டும். அதற்குக் கிளச்சை மிதிக்கும் காலும் இதே இடக்கால்தான். ஒரு காலுக்கு இரண்டு வேலைகள். ஆகையால் மலைச்சாரதி, எதிர் வண்டி கண்ணுக்குத் தெரியும்வரை காத்திராமல், அப்பாலுள்ள சரிவில் அதன் ஒளி படும்போதே டிம் செய்துவிட்டுக் கிளச்சுக்குக் காலை ஒழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் அப்பொத்தான் ஸ்டியரிங்கின் பக்கத்துக்கு ஏறி, கைவிரலுக்கு எட்டும்படி ஆயிற்று. செயல் எளிதானபின் அது தாமதமாகவே செய்யப்படுகிறது என்று முறைப்படுவோர் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை.

கண் கூசும்போது நடப்பது என்ன என்பதைச் சிறிது விளக்குதல் தகும். இருட்டிலே பழகிய கண், மங்கிய ஒளியையும் பற்றும்படி தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும். அந்தத் திருத்தம் முழுமை பெற அரைமணி நேரம் வரை செல்லும். அதைக் கலைக்க ஒரு நொடி போதும். அன்றியும், கண்ணுக்குள் நுழையும் கடும் ஒளி உள்ளேயே சிதறி, பார்ப்பனவற்றின்மீது ஒரு வெண்திரையைப் போர்த்துகிறது. 1926இல் அமெரிக்காவில் ஹொலடே என்பவரும், 1929இல் இங்கிலாந்தில் ஸ்டைல்ஸ் என்பவரும் இத்திரையை அளந்தனர். பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள கோணம் இரட்டித்தால், திரையின் கனம் ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடும் என்பது அவர்கள் முடிவின் சாரம். எதிர்வெளிச்சத்தை நோக்காமல் வீதியின் இடது விளிம்பை நோக்குக என்று சாரதிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை இதிலிருந்தே பொருள் பெறுகிறது. ஊவா வீதிகளின் குறையும் இதிலிருந்தே விளங்கும். அகன்ற நெடுஞ்சாலையில் எதிர் வாகனம் பக்கவாட்டில் விலகி வரும், கோணம் பெரிது. பசறை வீதியிலோ லுணுகலை வீதியிலோ கைநீட்டினால் தொடும் தூரத்தில் அது வருகிறது. கோணம் சிறிது, திரை கனம். வயது ஏற ஏறக் கண்ணுள் ஒளி சிதறுவதும் மிகும். இருபது வயதுச் சாரதிக்குச் சிறு தொல்லையாய்த் தோன்றுவது அறுபது வயதுச் சாரதிக்கு முழுக் குருடாய் இருக்கக்கூடும்.

கூச்சத்திலிருந்து மீள மூன்று விநாடி என்று கொள்வோம். மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் அது இருபத்தைந்து மீற்றர் தூரம். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் வீதியில் இருபத்தைந்து மீற்றருக்குள் ஒரு வளைவு தொடங்கி முடிந்துவிடும் இடங்கள் உண்டு. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு அவ்வீதியில் உல்லாசப் பயணம் சென்று திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அவ்விபத்தை விளக்கின் தலையிற் சுமத்துவது முறையன்று. இம்மலையில் இரவிலே ஒரு தவறுக்கு எவ்வளவு சிறிய இடம் இருக்கிறதென்பதற்கே அது சான்று.

மலை இன்னொன்றும் செய்கிறது. டிம் விளக்கு சமதரைக்காக அமைக்கப்பட்டது. அது தரையை நோக்கிச் சாயும்போது எதிர்வருபவரின் கண் அதற்கு மேலே இருக்கும் என்பது கணக்கு. மேட்டின் உச்சியில் ஏறிவரும் வண்டியின் முகப்பு வானை நோக்கியிருப்பதால், டிம் செய்தும் அதன் ஒளி நேரே கண்ணில் அறையும். பின்பகுதியில் கொழுந்துச் சாக்குகள் நிறைந்த லொறிக்கு முன்பகுதி நிமிர்ந்துகொள்ளும். விளக்கும் கூடவே நிமிரும். இதற்காக லொறிச் சாரதியை வைவதிற் பயனில்லை. ஆனால் பாரம் ஏற்றியபின் ஒரு சுவரின் முன்னே நிறுத்தி, ஒளி எங்கே விழுகிறதென்று பார்ப்பது அவரால் முடிந்த காரியம்.

ஹப்புத்தளையின் பனிமூட்டம் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. அங்கே ‘பிரைட்’ போட்டால் தூரம் தெரிவதற்குப் பதிலாக முன்னே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். பனித்துளிகள் ஒளியைத் திருப்பியடிப்பதே காரணம். மஞ்சள் விளக்குப் பனியை ஊடுருவும் என்ற நம்பிக்கை இங்கு வலுவாக உண்டு. பிரான்ஸ் தேசம் 1936இல் சட்டமியற்றித் தன் வாகனங்களுக்கெல்லாம் மஞ்சள் முன்விளக்கை விதித்து, 1993இல் அதைக் கைவிட்டது. பனித்துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேயளவிற் சிதறடிப்பதால், நிறத்தைவிட விளக்கின் தாழ்வே உதவுவது.

வெளிச்சம் குறைந்தாற் போதும் என்று கொள்வதும் பிழை. 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டதும் பிரித்தானியாவில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி வாகன விளக்குகளுக்கு மூடி போட்டனர். இருட்டு வீதிகளில் மரணங்கள் பெருகின. மாண்டோருட் பெரும்பகுதியினர் நடந்து சென்றவர்கள்.

நடந்து செல்பவரைப் பற்றிய பேச்சு இவ்விடத்தில் வருவது பொருத்தமே. இதுவரை சொன்ன வரலாறு முழுவதும் இரண்டு சாரதிகளுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலாகவே நடந்தது. நீ டிம் செய், நானும் செய்கிறேன். செய்யாவிடில் ஒருமுறை மின்னிக் காட்டுகிறேன். விளக்கு உள்ளவனுக்கு விளக்கு உள்ளவன் காட்டும் மரியாதை இது. தோட்டப்புறத்து வீதியிலோ விளக்கில்லாதவர்களே நிறைந்திருக்கின்றனர். பெரட்டுக்கு முன் லயத்தை விட்டுப் புறப்படும் தொழிலாளர், தொழிற்சாலையின் இரவு வேலை முடிந்து திரும்புவோர், டவுனுக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்கக் குழந்தையைத் தோளிற் போட்டு நடக்கும் தாய், தீபாவளிக்கு முதல்நாள் இரவு பதுளையிலிருந்து பையோடு வரும் குடும்பம். நடைபாதை கிடையாது. அவர்கள் மின்னிக் காட்டவும் இயலாது.

இரண்டு வாகனங்கள் எதிரெதிரே ‘பிரைட்’ விளக்கோடு வரும்போது, அவற்றிற்கு இடையில் நடந்துகொண்டிருக்கும் மனிதர் இரு சாரதிகளின் கண்ணிலிருந்தும் மறைந்துபோவார். இரு ஒளியின் நடுவே நின்றும் அவர் தெரியமாட்டார்! நடப்பவர் தாமோ, சாரதி தம்மை நன்றாகப் பார்த்துவிட்டார் என்றே நம்புகிறார். இத்தனை வெளிச்சம் தம்மேல் விழும்போது வேறெப்படி நினைப்பார்?

வாகனம் இடப்புறம் ஓடும் நாட்டில் பாதசாரி வலப்புறமாக, வருகிற வாகனத்தை எதிர்நோக்கி நடக்க வேண்டுமென்பது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படும் நல்ல விதி. அதன்படி நடப்பவருக்கு வெளிச்சம் முழுவதும் முகத்தில் விழுகிறது. வண்டியைக் காண்கிறார், தம் காலடியைக் காணவில்லை. மலைவீதியின் ஓரத்திலே மழைநீர் ஓட வெட்டிய கான் ஆழமானது. ஒதுங்கி நிற்க ஓரடி வைத்தால் கானுக்குள் கால். தோட்டங்களில் கான்வெட்டுக் கைதேர்ந்தவர்கள் வாழும் இடத்தில், கானில் விழுந்து காலை முறித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். வாகனத்தோடு மோதாத அந்த விழுக்காடு வீதிவிபத்துக் கணக்கில் எளிதிற் சேர்வதில்லை.

சட்டம் இவர்களை முற்றாக மறந்துவிடவில்லை. இலங்கையின் மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாக இயற்றப்பட்டு, பல திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. உலகளாவிய நிலையில், 1968இல் வியன்னா நகரில் உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை தூர விளக்கை எப்போது அணைக்கவேண்டுமென்று சொல்லும்போது, எதிர் வாகனத்தை மட்டும் சொல்லி நிற்கவில்லை. வீதியைப் பயன்படுத்தும் ஏனையோரின் கண் கூசாமலும், வீதியை ஒட்டிச் செல்லும் நீர்வழியிலும் இருப்புப்பாதையிலும் வருவோரின் கண் கூசாமலும் இருக்க வேண்டும் என்கிறது. வீதியும் புகையிரதப் பாதையும் ஒன்றையொன்று தழுவியும் கடந்தும் செல்லும் ஊவாவுக்கு இவ்வாசகம் தனியே எழுதப்பட்டது போலிருக்கிறது.

அண்மைக் காலத்தில் நிலைமை வேறொரு வகையில் மாறியுள்ளது. 1962இல் ஐரோப்பாவில் ஹலஜன் குமிழ் வந்தது. 1991இல் செனன் விளக்கு. 2007க்குப் பின் எல்.ஈ.டி. ஒவ்வொன்றும் முன்னதிலும் வெண்மை, முன்னதிலும் பிரகாசம். உரிய கூட்டில் அமைந்த எல்.ஈ.டி. விளக்குத் தன் ஒளியை எல்லை கட்டி வீசும். தொல்லை வருவது, ஹலஜன் குமிழுக்கென்று வடிவமைத்த கூட்டில் கடையில் வாங்கிய எல்.ஈ.டி. குமிழைப் பொருத்தும்போது. பழைய குமிழில் இழை இருந்த இடத்தை நோக்கியே பின்னுள்ள கண்ணாடி வளைக்கப்பட்டுள்ளது. ஒளி பிறக்கும் இடம் சிறிது விலகினாலும் டிம்முக்கும் பிரைட்டுக்கும் வேற்றுமை அழிந்து, எப்பக்கமும் தெறிக்கும். ஓட்டுபவருக்கு முன்னே பளிச்சென்று தெரிவதால், நல்ல விளக்கு வாங்கினோம் என்று மகிழ்வார்.

இதிலே வரலாற்றின் ஒரு திருப்பம் உண்டு. துரையின் காருக்கு ஒதுங்கி மேட்டோரம் நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள். கடன்பட்டு வாங்கிய வண்டியை அலங்கரிப்பதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. அப்பெருமையில் ஒரு பங்கு, நெற்றியில் கட்டிய மேலதிக விளக்கு. 2025 ஜனவரியில் பொலிஸார் நாடெங்கும் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இவ்வகை மேலதிகப் பொருத்துகளைக் கழற்றச் சொன்னபோது எதிர்ப்பு எழுந்தது. வயிற்றுப்பிழைப்பில் கைவைக்கிறார்கள் என்று ஓட்டுநர் கருதியதில் வியப்பில்லை. ஆயினும், அந்த நெற்றி விளக்கு இரவில் யார் முகத்தில் அடிக்கிறது? பெரும்பாலும் அவர்களுடைய அக்காமார், சித்திமார், அப்பாயிமார் முகத்திலேதான்.

மேனாட்டு வாகனங்கள் சிலவற்றில் 2013 முதல் புதியதோர் ஏற்பாடு வந்திருக்கிறது. முன்னே பொருத்திய கமெரா எதிர் வாகனத்தின் விளக்கைக் கண்டு, அதன்மேல் படும் ஒளிக்கற்றையை மட்டும் அணைத்து, மீதி வீதியைப் பிரகாசமாகவே வைத்திருக்கும். சாரதி விரலும் அசைக்க வேண்டியதில்லை. அந்தக் கமெரா தேடுவது விளக்கை. விளக்கில்லாமல் வரும் ஒருவரைக் கண்டால், சாரதிக்கு நன்றாகத் தெரியட்டும் என்று முழு ஒளியையும் அவர்மேலேயே வைக்கும். சாரதி அவரைக் கண்டுகொள்வார். அவர் கானைக் கண்டுகொள்ளமாட்டார். விடியற்காலை நாலரை மணிக்கு ஹாலி-எல வீதியில் நடப்பவர்கள் இதற்குத் தங்களுக்குத் தெரிந்த உபாயத்தையே செய்கிறார்கள். வெளிச்சம் தெரிந்ததும் நடையை நிறுத்தி, மண்மேட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டி கடந்து, கண் மீண்டும் இருட்டுக்குப் பழகும்வரை அப்படியே நிற்கிறார்கள்.